ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு பரீட்சை

என் வீட்டுக்காரருக்கு என்னைவிட அந்த ஆம்ப்ளிஃபயர்தான் முக்கியம் என்று நான் சொன்னால், பொறாமை என்பார்கள். பொறாமைதான். பெண்டாட்டி தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்பாத ஆள், அந்தப் பெட்டியில் பியூஸ் போனால் சோற்றுக் கையோடு எழுந்து ஓடினால், பொறாமை வராமல் வேறென்ன வரும்?

அவர் பெயர் தேவாசீர்வாதம். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு வெடிக் கம்பெனியில் டெஸ்டிங் அவர் பொறுப்பு. லோடு கிளம்புவதற்கு முன்னால் சாம்பிள் எடுத்துப் பொட்டலில் வைத்து வெடிப்பார்கள். இவர் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார். லேபிளைப் பார்த்தால் காது ஏமாந்துவிடுமாம். சத்தத்தை மட்டும் கேட்டு, இது தேறும், இது தேறாது என்று சொல்வார். அளப்பதற்கு மீட்டர் இருக்கிறது. இருந்தாலும் முதலாளி மீட்டரைப் பார்த்துவிட்டு இவர் முகத்தையும் ஒருமுறை பார்ப்பார். அங்கே இவருக்குப் பெயரே காதுக்காரர். அந்தக் காதுக்காரருக்குத்தான் வீட்டில் நான் பேசுவது கேட்காது.

நானோ பள்ளிக்கூட டீச்சர், ஞானதீபம். நான் வகுப்பில் வாய்ப்பாடு சொன்னால் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும் சேர்ந்து சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட கீச்சுக்குரல். அதற்கு ஆமத்தூரில் என் சொந்த வீட்டு ஹாலில் மதிப்பில்லை. "ஏங்க, கேஸ் தீர்ந்துபோச்சு" என்றாலும் "ம்" என்பார். "உங்க தங்கச்சி மாமியார ஆஸ்பத்திரியில சேத்திருக்காகளாம்" என்றாலும் அதே "ம்". ஒருநாள் ஆத்திரம் தாங்காமல், "நான் எங்க அம்மா வீட்டுக்கே போறேன், இனிமே வரமாட்டேன்" என்றேன். "ம், சரி" என்றார். நானும் விடுவேனா? பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். பின்னாலேயே வந்து, "எங்க கெளம்பிட்ட?" என்று கேட்கிறார்! இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பெட்டியில் கட்டின சேலைகளையெல்லாம் திரும்ப பீரோவில் அடுக்கியதும் நான்தான்.

இதே ஆள், வாசலில் லாரி வந்து நின்றால் உள்ளேயிருந்தே அது எந்த லாரி என்று சொல்வார். போர்மேன் கருத்தப்பாண்டி தெருவில் பேசிக்கொண்டு போனால் ஹாலிலிருந்து பதில் கொடுப்பார். நான் என்ன நினைப்பேன்? ஆம்பளை பேச்சு கேட்கிறது, பெண்டாட்டி பேச்சு கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் நான் சலித்துப்போய்விட்டேன், அவ்வளவுதான். மகள் ஸ்வீட்டியைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தி பேசுவதை இன்னொருத்தர் காதில் வாங்காவிட்டால் அது என்ன வீடு? எனக்கு மனசே விட்டுப்போயிற்று.

இந்த லட்சணத்தில்தான் ஆம்ப்ளிஃபயருக்கு வியாதி வந்தது.

"தீபம், டிரெபிள் செத்துப்போச்சு" என்றார், இழவு வீட்டுக்குப் போய்வந்த முகத்தோடு. டிரெபிள் என்றால் பாட்டில் கீச்சென்று உச்சியில் வருகிற சத்தமாம். சலங்கை, ஜால்ரா இந்த மாதிரி.

"எனக்கு நல்லாத்தானே கேக்குது?"

என் வாயைப் பார்த்துக்கொண்டே, "உனக்கு காது பழகல" என்றார். எனக்கு! "முன்ன எல்லாம் சலங்கை தனியா வந்து விழும். இப்பம் போர்வைக்குள்ள இருந்து பாடுறாப்ல இருக்கு."

முதலில் ஒயரை மாற்றினார். பிறகு ஸ்பீக்கருக்கு அடியில் கிரானைட் கல் வைத்தார். அது என் அடுப்படி மேடைக்கு வாங்கிப்போட்ட கல். அப்புறம் கரண்ட்டைக் குறை சொல்லி ஒரு ஸ்டெபிலைசர் வந்தது. டிரெபிள் குமிழைத் திருகித் திருகி, அதற்கு மேல் போகாத இடத்துக்குக் கொண்டுபோனார். எனக்குப் பல் கூசியது. அவருக்குப் போதவில்லை. கடைசியில் ஆம்ப்ளிஃபயரையே மாற்றுவது என்ற முடிவுக்கு வந்தார்.

தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டிக்கிடக்கும் நாட்களில்தான் எங்கள் பக்கத்து ஆம்பளைகளுக்கு இப்படியெல்லாம் யோசனை ஓடும். விலையை நான் கேட்கவே இல்லை. கேட்டால் சண்டை வரும், சண்டைக்கும் அவர் "ம்" என்பார்.

மதுரையில் ஆடியோ கடை வைத்திருக்கும் விக்னேஷ்குமார், புது ஆம்ப்ளிஃபயரைக் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்தார். நல்ல கட்டைக்குரல் மனிதர். அந்தப் புதுப் பெட்டியின் தலையில் கண்ணாடிக் குழல்களை நட்டு வைத்திருந்தார்கள். கரண்ட் கொடுத்ததும் சிம்னி விளக்கு மாதிரி செவசெவவென்று எரிந்தது. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்த பார்வையை எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட நான் பார்த்ததில்லை.

"உக்காந்து கேளுங்க சார். வித்தியாசம் உங்களுக்கே தெரியும்" என்றார் விக்னேஷ்குமார்.

"அதெல்லாம் பெட்டியப் பாத்துக்கிட்டுக் கேக்கப்படாது தம்பி. கம்பெனியில எப்படியோ அப்படித்தான் இங்கனயும்" என்றார் இவர்.

இரண்டு ஆம்ப்ளிஃபயரையும் சாப்பாட்டு மேஜையில் ஏற்றி, ஸ்பீக்கர்களுக்கு நீளமாக ஒயர் இழுத்தார்கள். நடுவில் ஒரு சின்ன ஸ்விட்ச் பெட்டி. இடப்பக்கம் தள்ளினால் பழசு பாடும், வலப்பக்கம் தள்ளினால் புதுசு. இவர் ஸ்பீக்கர்களைப் பார்த்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தம்பி வியாபாரி. ஸ்விட்ச அவுக கையில குடுக்கக்கூடாது. தீபம், நீ மாத்து. மாத்துனதும் மாத்திட்டேன்னு மட்டும் சொல்லு. எதுன்னு சொல்லிராத."

நான் நியாயமானவள் என்று இவருக்கு யார் சொன்னது? ஸ்விட்சைத் தொடுவதே இல்லை என்று முடிவு செய்துவிட்டேன். பழசிலேயே ஓடட்டும். 'ஆகா, புதுசுன்னா புதுசுதான்' என்று இவர் துள்ளிக் குதிக்கும்போது மானத்தை வாங்கலாம் என்று திட்டம்.

பாட்டு ஓடியது. கொஞ்ச நேரம் விட்டு, "மாத்திட்டேன்" என்றேன்.

பதில் இல்லை.

"ஏங்க, மாத்திட்டேன்."

கால் மட்டும் தாளம் போட்டது. "ஏங்க!" என்று வகுப்பறைக் குரலை எடுத்தேன். அவர் திரும்பாமலே, "என்ன தீபம், இன்னும் மாத்தலியா?" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த ஆள் முன்னாலும் என் பேச்சுக்கு இதுதான் மரியாதையா? விக்னேஷ்குமார் தர்மசங்கடமாக, "சார், மேடம் மாத்திட்டாங்களாம்" என்றார்.

"அப்படியா? சரி சரி" என்று உடனே பதில் வந்தது.

"பாத்தீங்களா தம்பி? நீங்க சொன்னா கேக்குது!"

விக்னேஷ்குமார் பேச்சை மாற்றப் பார்த்தார். "சார், டிரெபிளுக்குன்னே ஒண்ணு வச்சிருக்கேன், கேளுங்க" என்று போனில் எதையோ தட்டினார். சலங்கையும் ஜால்ராவும் மட்டும். மேளம் இல்லை, பாட்டு இல்லை. ஹால் முழுக்கக் கலீர் கலீர் என்று கொட்டியது. நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

இவர் சும்மா உட்கார்ந்திருந்தார். கால் ஆடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "போடுங்க தம்பி. ஏன் நிறுத்திட்டீக?" என்றார்.

விக்னேஷ்குமார் என்னைப் பார்த்தார். நான் என் வீட்டுக்காரர் முதுகைப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை நான் வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் கூப்பிட மாட்டார்கள். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, "தேவாசீர்வாதம்!" என்று கத்தினேன். விக்னேஷ்குமார் தூக்கிவாரிப்போட்டு நின்றார். இவர் தலை அசையவே இல்லை.

ஐயோ கர்த்தாவே! இவருக்குச் சலித்துப்போனது நான் இல்லை. சலங்கைச் சத்தம் மாதிரியே என் கீச்சுக்குரலும் இவரிடம் போய்ச் சேரவே இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதற்குப் பிறகுதான் பயம் வந்தது.

அவர் முன்னால் போய் நின்றேன். அவர் கண் என் முகத்துக்கு வரவில்லை, நேராக வாய்க்கு வந்தது. இத்தனை நாளாக வாயைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறார். நான் ஒரு மடச்சி, கவனிக்கவில்லை. "பாட்டு ஓடிக்கிட்டுத்தான் இருக்கு" என்றேன்.

திரும்பி மேஜையைப் பார்த்தார். பழைய ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தின் அளவைக் காட்டும் முள் துள்ளித் துள்ளி ஆடிக்கொண்டிருந்தது.

"பழசுலயா ஓடுது?"

"பழசுலதான். நான் மாத்தவே இல்ல."

"அப்பம் அது நல்லாத்தான் இருக்கு" என்றார். நான் செய்த திருட்டுத்தனத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஆம்ப்ளிஃபயருன்னா மாத்திரலாம்னு நெனச்சேன் தீபம்."

அப்போதுதான் அவருக்கும் தன் காது மேல் உள்ளுக்குள் சந்தேகம் இருந்தது எனக்குப் புரிந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கண்ணில் படுகிற மாதிரி பேசினேன். "எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"வெடி நல்லாத்தான் கேக்குது. நீ பேசுறதுதான் கேக்கல. நீ சண்டை போடுறது முகத்தப் பாத்தாத் தெரியும். 'ம்'னு சொன்னா அடங்கிருவன்னு நெனச்சேன்."

"அடங்குனேனா?"

"இல்ல."

"டாக்டர்கிட்டப் போவோம். மிஷின் வச்சா கேக்கப் போகுது."

"காதுக்காரன் காதுல மிஷினா? கம்பெனியில சிரிப்பாக."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாக! அவுகளுக்குத்தான் மீட்டர் இருக்குல்ல? எனக்கு இங்கன யார் இருக்கா?"

அதற்கு அவர் "ம்" என்றுகூடச் சொல்லவில்லை. விக்னேஷ்குமார் சத்தம் காட்டாமல் புதுப் பெட்டியின் ஒயர்களைச் சுருட்ட ஆரம்பித்தார். காபி குடித்துவிட்டு, தன் அப்பாவுக்கு மிஷின் வாங்கின இடத்தின் விலாசத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். பிழைக்கத் தெரியாத மனிதர், நன்றாக இருக்கட்டும்.

அந்த விலாசத்துக்கு இவரை இழுத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். அங்கேயும் இவர் சும்மா இருந்தாரா? மிஷின்களையும் முதுகைத் திருப்பித்தான் டெஸ்ட் செய்வேன் என்று அடம்பிடித்தார். காதுக்குள் வைக்கிற சாமானை எந்தப் பக்கம் திருப்புவது என்று அங்கிருந்த பெண் திகைத்துவிட்டாள். வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வரும்போதே, "இதுக்கு மேல ஒசந்த மாடல் ஒண்ணு இருக்காம்" என்றார். நான் முறைத்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் ஹாலில் உட்கார்ந்து இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டார். ஆம்ப்ளிஃபயர் பக்கம் இன்னும் போகவில்லை. நான் அடுப்படியிலிருந்து வந்தேன். அவருக்குச் சொல்ல வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் நெஞ்சுக்குள் முண்டியடித்தது.

"ஏங்க!" என்றேன்.

அவர் துள்ளி எழுந்து காதைப் பிடித்துக்கொண்டார். "ஏ தீபம், ஏன் இந்தக் கத்து கத்துற? இங்கனதான இருக்கேன். மெல்லப் பேசு."

மெல்லப் பேச வாயைத் திறந்தேன். எப்படிப் பேசுவது என்றே தெரியவில்லை. தொண்டை பழகிய கத்தலுக்கே போகப் பார்த்தது. காபி டம்ளரை எடுக்கப் போகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாயில் முந்தானையைப் பொத்திச் சத்தமில்லாமல் அழுதேன்.

"அதுவும் கேக்குது தீபம்" என்றார்.