பசி விருந்துக்கு ஓராள் குறைந்தது

உலகத்தில் எந்த நாட்டில் எத்தனை பேர் வெறும் வயிற்றோடு படுக்கப் போகிறார்கள் என்று கேட்டால் டீச்சர் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவார். முப்பத்திரண்டு வருஷம் பூகோளம் நடத்தியவர். ஓய்வு பெற்ற மறு மாதமே ஆலயத்தில் பசி ஒழிப்புக் குழு ஒன்றை ஆரம்பித்து, அன்றிலிருந்து சபையாரை ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தார். ஆராதனை முடிந்து செருப்பைத் தேடுகிறவர்களை வாசலிலேயே மடக்குவார். "கையெழுத்து மட்டும் போட்டா போதாது. கடிதம் முழுசும் உங்க கையாலேயே எழுதணும். அச்சடிச்ச காகிதத்தை எவன் மதிக்கிறான்?" என்பார். இரண்டு பக்கம் எழுதாமல் யாரும் வீடு போய்ச் சேர முடியாது.

அந்த வருஷம் கடிதங்களுக்கு வேலை இருந்தது. பஞ்சத்தில் கிடக்கும் நாடுகளுக்கு அரசாங்கம் அனுப்பிவந்த தானியத்தைப் பாதியாகக் குறைக்கப் போவதாகப் பேச்சு. அடுத்த மாதம் நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு. இந்தத் தொகுதி உறுப்பினரோ எந்தப் பக்கம் சாய்வார் என்று அவருக்கே தெரியாத மனிதர். அவருடைய மச்சான்தான் நம் ஆலயத்துக்கு வரும் பல் டாக்டர். கடிதங்களை டாக்டர் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து படிக்கவும் வைத்துவிட்டால் காரியம் முடிந்த மாதிரி. அதனால் டாக்டரை எப்படியாவது குளிர வைக்க வேண்டும் என்பது டீச்சரின் கவலை. போன வருஷம் அவர் பாதியில் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். கடிதங்கள் தபாலில் போய், "தங்கள் கடிதம் கிடைத்தது" என்று ஒரு வரி பதில் வந்ததோடு சரி.

அவர் கோபித்துக்கொண்டது பசி விருந்தில். அது என்ன கூத்து என்று கேட்பீர்கள், சொல்கிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலயத்தின் பின்பக்கக் கூடத்தில் அறுபது பேர் கூடுவார்கள். காலையிலிருந்து யாரும் எதையும் வாயில் வைத்திருக்கக்கூடாது. ஒரு தகர டப்பாவில் அறுபது சீட்டு. ஆறு சிவப்பு, பதினான்கு மஞ்சள், நாற்பது வெள்ளை. சிவப்பு எடுத்தவர்களுக்கு வெள்ளைத் துணி விரித்த மேசை, வறுத்த கோழி, பழம், இனிப்பு. மஞ்சளுக்குப் பெஞ்சில் உட்கார்ந்து சோறும் பருப்பும். வெள்ளைச் சீட்டுக்காரர்கள் தரையில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு குவளை நீர்க்கஞ்சி குடிக்க வேண்டும். உலகத்தின் சாப்பாடு இப்படித்தான் பங்காகிறது என்று பட்டுத் தெரிந்தால்தான் கடிதத்தில் சூடு ஏறும் என்பது டீச்சரின் கணக்கு. தப்பில்லாத கணக்குத்தான். போன வருஷம் டாக்டருக்கு வெள்ளைச் சீட்டு விழுந்தது. அவருக்கோ முழங்கால் மடங்காது.

இந்த வருஷம் எல்லாம் கச்சிதமாக நடந்தது, ஓராள் குறைந்ததைத் தவிர. அறுபது இடத்துக்கு ஐம்பத்தொன்பது பேர். தையற்காரம்மாவுக்குக் காய்ச்சல் என்று கடைசி நேரத்தில் ஆள் வந்து சொன்னது. கணக்கு ஒன்று பிசகினாலும் டீச்சருக்கு ஆகாது. கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். ஓரத்தில் மணியக்கா துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

ஆலயமணி அடிப்பவள், கூட்டிப் பெருக்குபவள், பூச்சாடிக்குத் தண்ணீர் மாற்றுபவள் எல்லாம் அவள்தான். மணி அடிப்பதால் மணியக்கா. சொந்தப் பெயர் சம்பளப் புத்தகத்தில் இருந்தால் உண்டு. அவள் கணவன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து இரண்டு மாதமாகப் படுக்கையில் கிடந்தான். இது சபைக்குத் தெரியாததல்ல. வாராவாரம் ஜெபக்குறிப்பில் "நம் சகோதரரின் சுகத்துக்காக" என்று வாசித்ததே டீச்சர்தான்.

"மணியக்கா, ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்க டீச்சர்."

"ரொம்ப நல்லதாப் போச்சு! வாங்க, வந்து ஒரு சீட்டு எடுங்க."

இந்த வாக்கியம் பிற்பாடு டீச்சரைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. அப்போது அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. மணியக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு டப்பாவுக்குள் விட்டாள். சிவப்பு.

"அடி சக்கை!" என்றார் பாட்டு மாஸ்டர். பாடகர் குழுவை நடத்துகிறவர் அவர். கையில் மைக் கிடைத்தால் இந்த ஜென்மத்தில் கீழே வைக்க மாட்டார். "மணியக்காவுக்கு அடிச்சது யோகம்! போங்க, மேசைக்குப் போங்க!" மணியக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பில் பல் தெரிந்துவிடக்கூடாது என்று அவளுக்கு எப்போதும் ஒரு பயம்.

அடுத்தது டாக்டர். கையை விட்டார், எடுத்தார், வெள்ளை. போன வருஷமும் அதே, இந்த வருஷமும் அதே. ஆண்டவருக்கும் விளையாட்டு உண்டு போலிருக்கிறது. டாக்டரின் முகம் சுருங்குவதை டீச்சர் பார்த்தார். அவ்வளவு கடிதம், அவ்வளவு தானியம், ஒரு முழங்காலில் வந்து நின்றது.

டீச்சர் மணியக்காவின் முழங்கையைப் பிடித்து, பாத்திரம் அடுக்கும் அறைக்கு அழைத்துப்போனார். காதும் காதும் வைத்த மாதிரி விஷயத்தை முடிக்க வேண்டும்.

"மணியக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. டாக்டருக்குக் கீழ உக்கார முடியாது. அந்தச் சீட்டைக் கொஞ்சம் மாத்திக்கலாமா? உங்களுக்குத் தரையில உக்காந்து பழக்கந்தானே."

மணியக்கா சிவப்புச் சீட்டைப் பார்த்தாள். ஒரு நிமிஷம்கூட இருக்காது.

"அதுக்கென்ன டீச்சர்" என்று நீட்டிவிட்டாள்.

டீச்சர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். தட்டிக்கொடுத்தார்! டாக்டருக்கு ஒரு நாற்காலியைப் போட்டு, அதில் உட்கார வைத்துக் கஞ்சியைக் கொடுத்திருக்கலாம் என்பது அந்தப் படித்த மண்டைக்கு எட்டவே இல்லை. கூடத்தில் நாற்காலிக்கா பஞ்சம்?

விருந்து ஆரம்பித்தது. மேசையில் டாக்டர் கோழியின் தொடையை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சுக்காரர்கள் தலை குனிந்து சாப்பிட்டார்கள். தரையில் உட்கார்ந்தவர்கள் பாடுதான் பாடு. உப்புக்கூடப் போடாத கஞ்சி. இரண்டு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தவர்கள், சுளித்த முகத்தை மறைத்தவர்கள், "ஐயோ, இதையா தினமும்?" என்று அங்கலாய்த்தவர்கள். பாதிக் குவளைகள் அப்படியே ஓரமாக ஒதுங்கின. டீச்சருக்கு உள்ளூரச் சந்தோஷம். எதிர்பார்த்தது இதைத்தானே.

மணியக்கா மட்டும் குடிக்கவில்லை. அவள் தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு. யாரும் பார்க்காதபோது தன் குவளையை அதில் கவிழ்த்தாள். பக்கத்தில் இருந்த பெண் மீதம் வைத்த குவளையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்தாள். அதையும் ஊற்றினாள். அப்புறம் இன்னொன்று.

பாட்டு மாஸ்டரின் கண்ணுக்குத் தப்புமா?

"எல்லாரும் இங்க கொஞ்சம் பாருங்க!" மைக் அலறியது. "நம்ம மணியக்காவைப் பாருங்க! பஞ்சத்துல அடிபட்ட ஒரு தாய் எப்படித் தன் பங்கைக் குடிக்காம வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாளோ, அப்படியே செஞ்சு காட்டுறாங்க! சிவப்பு விழுந்தும் தரையில வந்து உக்காந்துட்டாங்க, யாரும் சொல்லிக் கொடுக்கல. பாத்திரம்கூட வீட்டுலேருந்து எடுத்துட்டு வந்திருக்காங்க! என்ன தத்ரூபம்! ஒரு கைத்தட்டு கொடுங்க!"

கூடம் அதிரக் கைதட்டினார்கள். இரண்டு பேர் எழுந்து வந்து போட்டோ பிடித்தார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மணியக்காவின் கை தூக்கின் மூடிமேல் அப்படியே நின்றது. பிறகு அவள் சிரித்தாள், முந்தானையால் வாயைப் பொத்தாமல், எல்லாப் பல்லும் தெரிய.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் டீச்சருக்கு விளங்கிவிட்டது. உள்ளங்காலில் ஆரம்பித்து உச்சந்தலை வரை ஒரு சூடு ஏறியது. வாராவாரம் ஜெபக்குறிப்பு வாசித்த வாய்தானே இது. அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று ஒரு நாள் கேட்டதா?

கைதட்டல் ஓய்ந்ததும் மணியக்கா தூக்கை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். டீச்சர் பின்னாலேயே ஓடினார்.

"மணியக்கா, வீட்டுல..."

"நேத்து மத்தியானத்தோட சரி டீச்சர்." அவள் தூக்கின் விளிம்பில் வழிந்த கஞ்சியை விரலால் வழித்து வாயில் வைத்துக்கொண்டாள். "மருந்து வாங்கினதுல இந்த மாசம் கை கடிச்சிடுச்சு. விருந்துன்னு போன வாரமே போர்டுல போட்டிருந்தீங்க. மீந்தா அவருக்குக் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கலாம்னுதான் தூக்கைக் கொண்டுவந்தேன்."

"நான் உங்க சீட்டைப் பிடுங்கிட்டேனே, மணியக்கா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?"

"நீங்க கேட்டு எப்படி டீச்சர் இல்லைன்னு சொல்றது?"

டீச்சருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "நான் இப்பவே போய் மைக்ல சொல்றேன். நடந்தது முழுசும் சொல்றேன். நான் செஞ்சது அக்கிரமம்."

மணியக்கா சட்டென்று அவர் கையைப் பிடித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் டீச்சரைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"வேணாம் டீச்சர். உங்களுக்குப் புண்ணியமாப் போகும், சொல்லிடாதீங்க. எல்லாரும் நடிப்புன்னே நெனைச்சுக்கட்டும். நாளைக்கும் நான் இவங்க முன்னாலதான் கூட்டிப் பெருக்கணும். பாவம் பாவம்னு ஆளாளுக்குப் பார்த்தா என்னால தாங்க முடியாது. அவருக்குத் தெரிஞ்சா கஞ்சியைத் தொடவே மாட்டாரு."

டீச்சர் நின்றார். சொல்லிவிட்டால் தன் மனசு லேசாகும். அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அழுதுகொண்டே சொல்லலாம், சபையாரும் அழுவார்கள், போதகர் தலைமேல் கை வைத்து ஜெபிப்பார். எல்லாம் மணியக்காவின் செலவில். தன் வெட்கத்தை இறக்கி வைக்கவும் அவள் முதுகுதான் வேண்டியிருக்கிறது என்று நினைத்தபோது டீச்சருக்குத் தன்னைக் கண்டே அருவருப்பாக இருந்தது.

"சரி" என்றார். "சாயங்காலம் நான் வீட்டுக்கு வரலாமா?"

"வாங்க டீச்சர்" என்றாள் மணியக்கா. வாசலில் வந்து நிற்கும் யாரையும் போகச் சொல்லத் தெரியாத குரல் அது.

உள்ளே அனுபவப் பகிர்வு நடந்துகொண்டிருந்தது. "பசின்னா என்னன்னு இன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது" என்று ஒருவர் தழுதழுத்தார். கடிதங்கள் மளமளவென்று எழுதப்பட்டு, பீடத்துக்கு முன்னால் வைத்த கூடை நிறைந்து வழிந்தது. டாக்டர் வாயைத் துடைத்துக்கொண்டு, "இந்தத் தடவை நானே கொண்டுபோறேன். மச்சானைப் படிக்க வைக்காம விடமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தார். டீச்சர் ஒரு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. காதில் விழுந்தது, மனசில் ஒட்டவில்லை.

மைக் அவர் கைக்கு வந்தது. மணியக்கா கதவோரமாக நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒரு தப்பு செஞ்சேன்" என்றார் டீச்சர். "சிவப்புச் சீட்டு டாக்டருக்கு விழல. இன்னொருத்தருக்கு விழுந்ததை நான்தான் வாங்கி அவருக்குக் கொடுத்தேன். யாருக்கும் சொல்லாம. என்னை மன்னிச்சிடுங்க."

டாக்டர் தன் முழங்காலைத் தட்டி, "கேஸ் போட்டா இந்த முழங்காலைத்தான் டீச்சர் சாட்சிக்குக் கூப்பிடணும்!" என்றார். கூடம் கொல்லென்று சிரித்தது. "நம்ம டீச்சரே லஞ்சம் கொடுத்துட்டாங்கப்பா!" என்று யாரோ கூவ, இன்னும் சிரிப்பு. போதகர்கூடக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். டீச்சர் மன்னிப்புக் கேட்டது அதோடு காற்றில் போயிற்று.

சிரிப்பு அடங்குவதற்குள் பாட்டு மாஸ்டர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். "இன்னிக்கு எல்லாரையும் அழ வச்சவங்களுக்கு ஒரு பரிசு இல்லாம போகலாமா? மேசையில மீந்த பழக்கூடையும் ஒரு முழுக் கோழியும், சிறந்த நடிப்புக்காக மணியக்காவுக்கு! டீச்சரே தன் கையால கொடுப்பாங்க!"

கூடையை யாரோ டீச்சரின் கையில் திணித்தார்கள். மணியக்கா கூட்டத்தின் நடுவே நடந்து வந்தாள். இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். டீச்சரின் முகத்தை நேராகப் பார்த்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

"அடுத்த வருஷம் இன்னும் நல்லா செய்றேன் டீச்சர்."

கூடம் மறுபடி கைதட்டியது. தட்டாமல் நின்றால் ஏன் என்று கேட்பார்கள். டீச்சரும் தட்டினார்.