சிங்காரநாதன் வைத்த பெயர்

பனகல் பார்க் பக்கத்தில் போட்டிருந்த பந்தலுக்குள் நுழைவதற்குள் சொர்ணத்தின் முந்தானை இரண்டு இடத்தில் கிழிந்துவிட்டது. இடுப்பில் எட்டு மாசப் பிள்ளை. ஆண் பிள்ளைதான். ஆனால் நெற்றியில் பொட்டு, தலையில் கனகாம்பரம், பழைய பாவாடையை வெட்டித் தைத்த கவுன். முதல் குழந்தை நாலு மாசத்தில் போய்விட்டது. இவன்மேலாவது கண் படக்கூடாது என்று பெண்வேஷம் கட்டி வைத்திருந்தாள்.

இறந்துபோன அந்தப் பெண் குழந்தைக்குப் பெயரே கிடையாது. பாட்டும் நடிப்புமாகக் கொடிகட்டிப் பறந்த சிங்காரநாதன் வாயால்தான் பெயர் வைக்க வேண்டும் என்று சொர்ணத்தின் புருஷன் வடிவேலு ஒற்றைக்காலில் நின்றான். ரிக்‌ஷா இழுக்கிறவனுக்கு அவர் எங்கே அகப்படுவார்? அடையாற்றங்கரையில் குழந்தையைப் புதைத்தபோது கூப்பிட்டு அழ ஒரு பெயர்கூட இல்லாமல், பாப்பா பாப்பா என்றே அழுதாள். அந்த ஆத்திரம் இரண்டு வருஷமாகியும் ஆறவில்லை. இவனுக்கும் அதே கூத்து; சிங்காரநாதன் வருகிறார் என்றுதான் இந்தப் பந்தலுக்கும் வந்தார்கள்.

போன மாசம் மயிலாப்பூர் ரசிகர் மாநாட்டுக்கும் போனார்கள். அங்கே மண்டபம், நாற்காலி, வாசலில் பன்னீர், சந்தனம். பாட்டு முடிந்தால் உள்ளங்கை நோகாமல் தட்டினார்கள். அங்கவஸ்திரம் போட்ட ஒருவர் வாசலிலேயே மறித்தார்.

"உள்ளே எடமில்லே. ஜன்னல்கிட்ட நின்னுண்டு கேளு. சத்தம் போடப்படாது."

ஜன்னல் வழியாகப் பார்த்தால் பின்னால் மூன்று வரிசை காலி. சாயந்தரம் முழுக்க சைக்கிள்களுக்கு நடுவில் நின்றதுதான் மிச்சம். சிங்காரநாதன் காரில் ஏறிப் போய்விட்டார்.

இங்கே யாரும் மறிக்கவில்லை. எவனாவது மறித்திருந்தால் அவனையும் மிதித்திருப்பார்கள். விசில், வியர்வை, பந்தல் காலைப் பிடித்துத் தொங்குகிறவர்கள். ஆனாலும் ஒரு கிழவர், "புள்ளகாரிக்கு வழி வுடுங்கடா" என்று கத்த, கூட்டம் அவளையும் வடிவேலுவையும் தள்ளித் தள்ளி மேடைக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. மயிலாப்பூர்க்காரர்களைவிட இவர்கள் எவ்வளவோ மேல் என்று சொர்ணத்துக்கு ஒரு நிமிஷம் தோன்றியது.

சிங்காரநாதன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே பிள்ளையை வாங்கினார். கனகாம்பரத்தைப் பார்த்தார்.

"ரஞ்சிதம்!" என்றார் மைக்கில்.

பந்தல் அதிர்ந்தது. சொர்ணம் புருஷனைக் கிள்ளினாள். அவன் கும்பிட்ட கை கும்பிட்டபடி அழுதுகொண்டிருந்தான். "சாமி, இது ஆம்பளப் புள்ள!" என்று அவளே கத்தினாள். விசில் சத்தத்தில் அது அவள் காதுக்கே எட்டவில்லை. பிள்ளை அவள் கைக்குத் திரும்பிவிட்டது. அவர் கையில் வேறொரு குழந்தை இருந்தது.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"சொல்றதுக்கு இன்னாய்யா? வாயில கொழுக்கட்டையா?"

"அவரு வாயால வந்துட்சிமே. அத்தினி பேரு கைதட்னாங்க. மாத்துனா அவுருக்கு அசிங்கம்."

"ஆம்பளப் புள்ளைக்கு ரஞ்சிதமா?"

"இருந்துட்டுப் போவட்டும்."

பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக் குடிசையைப் பார்த்து நடந்தான். வழியெல்லாம் ரஞ்சிதம், ரஞ்சிதம் என்று ராகம் போட்டுக் கூப்பிட்டான். பிள்ளையும் ஒவ்வொரு தடவையும் சிரித்தது. சொர்ணம் கிழிந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் வந்தாள்.

கரையோரப் புளியமரம் வந்ததும் அவள் நின்றுவிட்டாள். குழந்தையைப் புதைத்த மேடு இருந்த அடையாளமே இல்லை, மழை கரைத்திருந்தது. எந்த இடம் என்று அவளுக்குத்தான் தெரியும். அங்கே குந்தி மண்ணில் கை வைத்தாள். யாருக்கு வந்திருக்க வேண்டிய பெயர் இது!

"அங்க இன்னாமே பண்ற? பொழுது சாயுது, வா" என்றான் வடிவேலு.

அவள் மண்ணைப் பார்த்துக் குனிந்து, "ரஞ்சிதம்" என்று கூப்பிட்டாள்.

தோளில் இருந்த பிள்ளை, நசுங்கிய கனகாம்பரத்தோடு திரும்பிப் பார்த்தது.