அசையாத நூறு

"டேங்க் நெறஞ்சு கெடக்கு, மெர். நூறு சதவீதம். நீ எதுக்கு இப்படிப் பறக்குற?" என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான் என் கணவன் டூகல்.

எனக்கு அந்த நூறுதான் பிடிக்கவில்லை. வடக்கு மேய்ச்சலில் இருநூறு கிடேரிகள். வறட்சியில் மற்றதையெல்லாம் விற்றுவிட்டு, இவை பிழைத்தால் மந்தை மறுபடி எழும் என்று காப்பாற்றி வைத்தவை. அதில் பிஸ்கட், டூகல் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது. இந்த வெயிலில் இத்தனை மாடு குடித்தால் டேங்கில் தண்ணீர் இறங்கும், பம்ப் ஓடும், ஏறும். இன்று வெள்ளி; செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒரு புள்ளிகூட அசையவில்லை.

"ஏன், மாடெல்லாம் விரதமா இருக்குதா?" என்றேன்.

அவன் முகம் வெளுத்தது. சாவியை எடுத்தான்.

முன்பெல்லாம் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் பார்க்கப் போவோம். டேங்கில் நீர்மட்டம் அளக்கும் சென்சார் மாட்டியதும் அதை நிறுத்திவிட்டான். செயற்கைக்கோள் பார்த்துக்கொள்ளும், சில மணி நேரம் பிந்தினாலும் அளவு போனுக்கு வந்துவிடும் என்று ஊரெல்லாம் பீற்றல் வேறு.

தீயணைக்கும் தண்ணீர் ஏற்றிய வண்டியில் போனோம்; அது என் பிடிவாதம். செம்மண் பாதையில் இரண்டு மணி நேரம். நான் அவனைத் திட்ட வேண்டியதையெல்லாம் அடுக்கிக்கொண்டே வந்தேன். தூரத்தில் கழுகுகள் வட்டமிட்டன.

டேங்கிலிருந்து மாடுகளுக்குத் தண்ணீர் வந்து விழும் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மாடுகள் முட்டி மோதி வெறும் சிமெண்டை நக்கிக்கொண்டிருந்தன. டூகல் டேங்க் மேலேறி மூடியைத் திறந்தான்.

"குளவி! சென்சார் மூஞ்சியிலயே மண்ணுக்கூடு கட்டி வச்சிருக்கு!"

தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளக்க வேண்டிய கருவி, தன் மேல் ஒட்டிய மண்ணையே தண்ணீர் என்று நினைத்துவிட்டது. நிறைந்துவிட்டதென்று பம்பையும் நிறுத்திவைத்திருந்தது. அவன் கூட்டைப் பெயர்த்தெறிந்து, கீழே குதித்து, பம்பைக் கையால் முடுக்கினான். டேங்க் நிறைய நேரமாகும். வண்டியைப் பக்கத்துப் பட்டிக்குள் விட்டு, கேட்டைச் சாத்திக்கொண்டு, அங்கிருந்த சின்னத் தொட்டியில் வண்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். வாசனை பிடித்த மந்தை மொத்தமும் எங்கள் பக்கம் திரும்பியது.

"மொத்தமா விட்டா மிதிச்சே செத்துரும்! கேட்டை விட்டுடாத, மெர்!"

"நீ வந்து தோள் குடுய்யா, அப்புறம் பாடம் எடு!"

கேட்டின் கம்பி என் விலாவில் இடித்தது. கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். குடித்ததை விரட்டி, அடுத்ததை விட்டு, மறுபடி விரட்டி. பொழுது சாயும்போது, நிற்க முடிந்தவையெல்லாம் குடித்திருந்தன.

பிஸ்கட் நிற்கவில்லை. காய்ந்த தொட்டியின் விளிம்பில் தலையை வைத்தபடி கிடந்தது. டூகல் தொப்பியில் தண்ணீர் மொண்டு வந்து மண்டியிட்டான். "குடிடா கண்ணு. நான்தான்டா." தண்ணீர் அதன் வாயோரமாக வழிந்து மண்ணில் இறங்கியது. மறுபடி மொண்டு வந்தான். மறுபடி வழிந்தது.

நான் சேர்த்து வைத்திருந்த திட்டில் ஒன்றும் வாயில் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவன் சட்டைப்பையில் போன் கூவியது. எடுத்துப் பார்த்தான்.

"என்னவாம்?" என்றேன்.

"டேங்க் காலியாம்" என்றான்.