அன்செல்மோ படுத்த சாயங்காலம்

தியோதோராவின் அல்பாகா படுத்துக்கொண்டால் சூரியன் மறையாது. நீளக் கழுத்தும் கம்பளி உடம்புமான அல்பாகாக்களை மேய்த்துப் பிழைக்கும் மலையூர் புக்கரூமியில் இதை யாரும் அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை, தொந்தரவாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். முதல் தடவை, ஒரு சாயங்காலம், கயிறு போட்டு இழுத்ததும் அது நாலு காலையும் மடக்கிப் படுத்துவிட்டது. மேற்கு மலைமேல் சூரியனும் அப்படியே நின்றுவிட்டது. ஊரார் வேலையை முடித்தார்கள், சூப்பு குடித்தார்கள், தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு வெயிலிலேயே தூங்கி எழுந்தார்கள். நாய்கள் மட்டும் எப்போது குரைக்க ஆரம்பிப்பது என்று தெரியாமல் முழித்தன. அல்பாகா எழுந்த பிறகுதான் இருட்டியது.

அதை வளர்த்த விதம் அப்படி. குட்டியாக இருக்கும்போதே அதன் தாயைப் பூமா என்கிற மலைச்சிங்கம் அடித்துவிட்டது. தியோதோராவுக்கும் அவள் புருஷன் ஃபெர்மினுக்கும் பிள்ளை இல்லை. ஆண்குட்டியைப் புட்டிப்பாலில் வளர்த்தால் அதற்கு மனுஷர் மேலிருக்கும் பயம் விட்டுப்போகும், வளர்ந்தபின் ஆம்பிளைகளையெல்லாம் போட்டிக் கிடாவாக நினைத்து மோதும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். தியோதோராவுக்கும் தெரியும். தெரிந்துதான் அடுப்படியில் படுக்கவைத்துப் பால் கொடுத்தாள். அதோடு விட்டிருக்கலாம். பெற்ற பிள்ளைக்குச் செய்வதுபோல முதல்முடி எடுக்கும் சடங்கையும் செய்தாள். கடைக்கார ஹிலாரியோன் சோளக்கள் மப்பில் சிரித்துக்கொண்டே கத்தரியை வாங்கி முதல் கற்றையை வெட்டினார். ஞானத்தகப்பன் முறைக்கு ஒரு பெட்டை அல்பாகாவும் கொடுத்து, அன்செல்மோ என்று பெயரும் வைத்தார். முதல்முடி எடுத்துவிட்டால் அது வீட்டு ஆள். வேடிக்கைக்கு எடுத்தாலும் ஆள்தான்.

வளர்ந்ததும் அன்செல்மோ ஃபெர்மினை மார்பால் மோதித் தள்ளியது, வந்தவர் போனவர் முகத்திலெல்லாம் பச்சையாய் உமிழ்ந்தது, திருவிழாவுக்கு வந்த பாதிரியாரின் தொடையைக் கடித்தது. அடக்கலாமென்று கயிறு போட்டால் படுத்துவிடும். படுத்ததும் தியோதோரா ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, கழுத்தைச் சொறிந்து, உள்ளங்கையில் பார்லியை வைத்து ஊட்டுவாள்.

அங்கே குளிர்காலமான ஜூன் மாதம் வினை வந்தது. வருஷச் சாப்பாட்டுக்கான உருளைக்கிழங்கை ஊரே புல்வெளியில் பரப்பியிருந்தது. ராத்திரி உறைபனியில் அது கல்லாய் இறுகவேண்டும், காலையில் காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழியவேண்டும், அப்புறம் காயவேண்டும். அப்போதுதான் அது கெடாத சுன்யோ வற்றல். புல்வெளி ஓரத்தில் அன்செல்மோவை யாரோ கயிறு போட்டு விரட்டப் பார்க்க, அது படுத்துவிட்டது. எழுந்திருக்கவே இல்லை. ராத்திரி வரவில்லை, பனியும் வரவில்லை. ஊரார் தூங்கித் தூங்கி எழுந்தும் அதே சாயங்காலம். கிழங்கு பச்சை பிடித்து நாற ஆரம்பித்தது.

ஹிலாரியோன் கத்தியோடு வந்தார். பின்னால் ஊரே வந்தது.

“தள்ளு தங்கச்சி. வருஷம் பூரா எங்க வீட்டுக் கொழந்தைங்க என்னத்தத் தின்னும்? உன் செல்லத்தையா?”

“இவனுக்கு முடி எடுத்தது யாருண்ணே?”

“அட, அது கள்ளு குடிச்சிட்டு வெளையாட்டுக்குப் பண்ணது.”

“பேரு வெச்சதும் வெளையாட்டா? சரி, அறு. ஞானப்பிள்ளைய அறுத்தவன் கடைக்கு நாளைக்கு எவன் வர்றான்னு பாக்குறேன்.”

ஹிலாரியோன் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டார். அந்த ஊரில் அதற்குமேல் பேச இடமில்லை. ஃபெர்மின்தான் விலாவைத் தடவிக்கொண்டு வாயைத் திறந்தான்.

“ஆளுன்னா ஆளா இருக்கட்டும்டி. இந்த வயசுல எந்தப் பயலாவது ஆத்தா மடியில கெடப்பானா? மேல கிடாக்கூட்டத்துல கொண்டுபோய் விடு. அதுங்க கடிச்சுக் கத்துக்குடுக்கும்.”

“இழுத்தாதான் படுத்துக்கிறானே.”

“நீ வந்து பக்கத்துல ஒக்கார்றியே, அதுக்குத்தான் படுக்குறான். ஒரு தடவ ஒக்காராம இரு, பாப்போம்.”

அது பொய்யாக இருந்திருந்தால் தியோதோரா அவனை அறைந்திருப்பாள். அன்செல்மோவின் கழுத்துக் கயிற்றைக் கழற்றி எறிந்தாள். அது வழக்கம்போல் சொறிந்துவிடக் கழுத்தை நீட்டிக் கொடுத்தது. அவள் தொடவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே, மேட்டுப் புல்வெளிப் பக்கம் நடந்தாள். பின்னால் அது முனகியது. பாலுக்கு முனகிய அதே முனகல். ஆனாலும் அவள் திரும்பவில்லை. கொஞ்ச தூரம் போனதும் முன்னால் கிடந்த தன் நிழல் நீள்வதைப் பார்த்தாள். எழுந்துவிட்டான் என்று தெரிந்துகொண்டாள்.

மேட்டில் மேய்ந்த அல்பாகாக் கிடாக்கூட்டம் புதிதாய் வந்தவனைச் சும்மா விடவில்லை. முழங்காலைக் கடித்தன, கழுத்தால் அழுத்தின, முகத்தில் உமிழ்ந்தன. அன்செல்மோ அலறிக்கொண்டே அவளைத் தேடியது. அவள் கல்சுவருக்குப் பின்னால் போர்வையை வாயில் திணித்துக்கொண்டு குந்தியிருந்தாள். சத்தம் அடங்கியபோது இருட்டியிருந்தது, விரல்கள் விறைத்திருந்தன. கிழங்கில் பாதி போய்விட்டது. மிச்சத்தைக் காலையில் எல்லோரோடும் சேர்ந்து அவளும் வெறுங்காலால் மிதித்தாள். அழுதுகொண்டேதான் மிதித்தாள்.

அடுத்த கம்பளி வெட்டுக்கு அன்செல்மோ மற்ற கிடாக்களோடு வந்து நின்றது. தியோதோரா கிட்டே போனபோது தலையைத் தாழ்த்தி, ஒதுங்கி வழிவிட்டது. எந்த நல்ல அல்பாகாவும் எந்த மனுஷருக்கும் விடுவதுபோல. “நல்லாப் பழகிட்டான்” என்றார் ஹிலாரியோன். “ஆமாண்ணே” என்று சொல்லிவிட்டு அவள் கத்தரி தீட்டப் போனாள்.

இப்போதும் என்றைக்காவது அது மேலே படுத்துக்கொள்கிறது. அன்றைக்குச் சாயங்காலம் கொஞ்சம் நீளும். ஊரில் விட்டுப்போன வேலைகளை முடித்துக்கொள்கிறார்கள். தியோதோரா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து, அந்த வெளிச்சம் போகும்வரை தக்ளியில் நூல் நூற்பாள். வெளியூர்க்காரர் யாராவது பிள்ளைகுட்டி உண்டா என்று கேட்டால், “ஒருத்தன். மேல இருக்கான்” என்பாள். ஃபெர்மினும் தலையாட்டுவான்.