நாலாவது தடவை வந்த கார்

அந்த வெள்ளைக் கார் நாலாவது தடவையாக ஷெட்டுக்குள் நுழைந்ததைப் பார்த்ததும் சின்னப்பனுக்கு அப்படியே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. காலையிலிருந்து ஒரு லோடு வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்துவிட்டு அப்போதுதான் எழுந்து கை கழுவியிருந்தார். கள்ளக்குறிச்சியில் அவர் மெக்கானிக் ஷெட் போட்டு இருபத்திரண்டு வருஷம். எத்தனையோ வேலைகள் பழகிப்போயின. சரிபண்ணி அனுப்பிய வண்டி அதே குறையோடு திரும்பி வருகிற அலுப்பு மட்டும் பழகவில்லை.

காரை ஓட்டி வந்தவள் செந்தமிழ்ச்செல்வி. கல்வராயன் மலையில் ஒரு சுகாதார நிலையத்தில் நர்ஸ். வீடு கள்ளக்குறிச்சியில். வண்டி நிற்கும்போது உடம்பெல்லாம் உதறுகிறது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஆஃப் ஆகிவிடுகிறது என்றுதான் அவள் முதல் தடவை வந்தபோதும் சொன்னாள். சின்னப்பன் பெட்ரோல் பில்டரை மாற்றினார். இரண்டாம் தடவை டேங்குக்குள் இருக்கும் பம்பையே மாற்றினார். மூன்றாம் தடவை இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, கம்ப்யூட்டரைப் போட்டும் பார்த்தார். அது ஒரு குறையும் காட்டவில்லை. ஒவ்வொரு தடவையும் சேலம் ரோட்டில் பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தார். வண்டி ஒரு இடத்திலும் முரண்டு பண்ணவில்லை.

அந்த மூன்றாம் தடவை காரை எடுத்துப்போக வந்தது அவள் புருஷன் பகலவன். சர்க்கரை ஆலையில் வேலை பார்ப்பவர். என்னதான் கோளாறு என்று அவர் கேட்டபோது சின்னப்பன் அசதியில் இருந்தார். மூன்று வண்டிகள் காத்துக்கொண்டிருந்தன.

"வண்டில ஒண்ணும் இல்ல சார். சிஸ்டருக்கு மேட்டுல கிளட்ச் பேலன்ஸ் வரல போல" என்று சொல்லிவிட்டார். சொன்னதை அன்றைக்கே மறந்தும்விட்டார்.

இப்போது இரண்டு மாதம் கழித்து அவள் வந்து நிற்கிறாள். சீருடைப் புடவை முதுகெல்லாம் நனைந்திருந்தது. அன்றைக்கே பகலவன் சாவியை வாங்கி வைத்துக்கொண்டாராம். அன்றிலிருந்து விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து மலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறாள். ஞாயிற்றுக்கிழமை அவர் ஓட்டினால் கார் ஒரு தடவைகூட நின்றதில்லை. பார்த்தியா என்பது போல அவர் பார்ப்பாராம். இன்றைக்கு அவர் வேலையாகக் கடலூர் போயிருக்க, சொல்லாமல் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். மலை ஏறி இரண்டாவது வளைவில் வண்டி செத்துவிட்டது. இரண்டடி பின்னால் உருண்டது. பின்னால் ஒரு பஸ். டிரைவர் இறங்கி வந்து தள்ளி ஓரம் கட்டினார். அரை மணி நேரம் போராடி ஸ்டார்ட் பண்ணி, வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறாள்.

"எட்டு வருசமா ஓட்டிக்கினு இருக்கேண்ணா. நீங்க சொன்ன ஒரு வார்த்தைல நான் ஓட்டத் தெரியாதவளா ஆயிட்டேன்" என்றாள். குரல் உயரவில்லை. சண்டை போட அவளுக்குத் தெம்பு இல்லை.

சின்னப்பன் சாவியை வாங்கி ஸ்டார்ட் பண்ணினார். லேசான உதறல், அவ்வளவுதான். வழக்கம்போல ஒன்றுமில்லை என்று சொல்லவே வாய் வந்தது. ஆனால் அவள் நின்ற நிலையைப் பார்த்து எஞ்சினை நிறுத்தினார். பிளாஸ்டிக் ஸ்டூலை அவளுக்கு இழுத்துப்போட்டார். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து என்னென்ன செய்தாள் என்று ஒன்று விடாமல் சொல்லச் சொன்னார். மூன்று தடவையும் அவர் இதைக் கேட்டதில்லை.

அவள் சொன்னாள். கிளம்பினாள், கச்சிராயபாளையம் பங்க்கில் டேங்கை நிரப்பினாள், நாலைந்து தடவை சாவியைத் திருப்பிய பிறகு ஸ்டார்ட் ஆனது, அப்புறம் வளைவு.

"பெட்ரோல் போட்டதும் ஸ்டார்ட் ஆவலியா?"

"அது எப்பவும் அப்படித்தாண்ணா. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்னு வுட்டுட்டேன்."

"சார் பெட்ரோல் போடுவாரா?"

"அவரு எங்க போடறாரு? நான் ரொப்பி வைப்பேன், அவரு ஓட்டுவாரு. சாவிய வாங்கினப்பவும் முக்கா டேங்க் இருந்துச்சு."

சின்னப்பனும்தான் ஒரு தடவைகூட அந்தக் காருக்குப் பெட்ரோல் போட்டு ஓட்டிப் பார்க்கவில்லை.

பானெட்டைத் திறந்தார். டேங்கில் எழும்பும் பெட்ரோல் ஆவி ஒரு டப்பாவில் சேர்ந்து, அங்கிருந்து எஞ்சினுக்குப் போகிற வழியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு வால்வு உண்டு. எஞ்சின் ஓடியபடி வண்டி சும்மா நிற்கும்போது அது மூடியிருக்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, டேங்க் பக்கத்துக் குழாயை வால்விலிருந்து உருவி, வால்வின் வாயில் விரலை வைத்தார். விரலை உள்ளே இழுத்தது. குழாயை மறுபடி மாட்டி இடுக்கியால் நெரித்தார். உதறல் நின்று எஞ்சின் சீராக ஓடியது. இடுக்கியை எடுத்தார், திரும்ப உதறியது. அவளைக் கூப்பிட்டு இன்னொரு தடவை செய்து காட்டினார்.

வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது, டேங்க் ரொம்பும்போது ஆவி ஜாஸ்தியாகிறது, அதையெல்லாம் இழுத்து எஞ்சினுக்கு மூச்சு முட்டிப்போகிறது என்று விளக்கினார். அவள் தலையாட்டினாள். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ ஸ்டூலில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

புது வால்வு மறுநாள் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்தது. மாட்டக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இந்தத் தடவை சின்னப்பன் தனியாக ஓட்டிப் பார்க்கவில்லை. அவளையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். கச்சிராயபாளையத்தில் டேங்கை நிரப்பினார்கள். முதல் திருப்பலிலேயே ஸ்டார்ட் ஆனது. இரண்டாவது வளைவில் எதிரே லாரி வந்தது. அவள் ஏற்றத்திலேயே நிறுத்தி, லாரியைப் போகவிட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஒரு விரல்கடைகூடப் பின்னால் போகாமல் வண்டியை எடுத்தாள். சின்னப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மலை இறங்கி வரும்போது, கோளாறு வண்டியில்தான் இருந்தது என்று சாருக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

"போன்ல வேணாண்ணா. வூட்டுக்கு வந்து சொல்லுங்க. எங்கிட்ட சொன்னா மட்டும் போதாது."

ஷெட்டில் வேலை கிடந்தது. இடுப்பு வேறு விண்விண்ணென்று வலித்தது. ஆனாலும் சாயங்காலம் போனார். பகலவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, இத்துனூண்டு வால்வுதான் என்றால் பம்பை எதற்கு மாற்றினீர்கள் என்று கேட்டார்.

"அதுவும் என் தப்புதான் சார். ஆனா சிஸ்டருக்கு ஓட்ட வரலன்னு சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. அவங்க என்னைவிட நல்லா ஓட்டறாங்க."

பகலவன் மனைவியைப் பார்க்கவில்லை. எதற்கும் மலை ரோடு, பஸ்தான் நல்லது என்று பொதுவாகச் சொன்னார். செந்தமிழ்ச்செல்வி எழுந்து போய் டிவி மேல் இருந்த சாவியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து ஆயில் மாற்ற வந்தாள். கார் எப்படி ஓடுகிறது என்று சின்னப்பன் கேட்டார்.

"வண்டி நல்லா போவுதுண்ணா. ஒரு நாளும் நிக்கல." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "அவருதான் தெனம் காலைல போன் பண்றாரு, எந்த வளைவுல இருக்கேன்னு கேட்டுக்கினு. அதுக்காகவே ஓரமா நிறுத்த வேண்டியிருக்கு."

சின்னப்பன் பழைய ஆயிலைப் பிடிக்கத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு காருக்கு அடியில் போனார்.