அலமாரி ஓடுகிறாள்

1

இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் என் வீட்டுக்காரரின் வாய்தான். அவர் ஒன்பதாம் வகுப்புக்கு விளையாட்டு ஆசிரியர். மைதானத்தில் கத்திக் கத்திப் பழகி, வீட்டில் உப்புக் கேட்டாலும் தெருவுக்கே கேட்கும். போன வாரம் சாப்பிடும்போது ஆரம்பித்தார்.

"கண்டவங்களப் பத்தியெல்லாம் எழுதற. எங்க பி.டி. பீரியடப் பத்தி ஒரு வரி எழுதியிருக்கியா?"

ரோஷம் வந்துவிட்டது. கை கழுவிய ஈரத்தோடு உட்கார்ந்தேன். முதல் வரி:

'அந்தி வெயிலில் மைதானம் பொன்னாய் உருகிக்கொண்டிருந்த அந்த...'

காதருகே விசில். நிஜ விசில்!

"எங்க பீரியட் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம். தரை கொதிக்கும், பிள்ளைங்க ஏப்பம் விட்டுக்கிட்டு வருவாங்க. பொன்னாவது, உருகறதாவது!"

அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

கதாநாயகி அந்த வகுப்பில்தான் படிக்கிறாள். பட்டப்பெயர் அலமாரி. பீரியட் தொடங்கியதும் மற்றவர்கள் கடிகாரம், மூக்குக் கண்ணாடி, முடிக் கிளிப் என்று கழற்றிக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு விளையாடப் போவார்கள். ஒருத்தி பல்லுக்குப் போட்ட கம்பியைக்கூடக் கொடுப்பாளாம், உவ்வே. அலமாரி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு மரத்தடியில் நிற்பாள். மணி அடித்ததும் மைதானம் முழுக்க ஓடி ஓடி, அவரவர் பொருளை அவரவர் கையில் சேர்ப்பாள். இதுவரை ஒன்றுகூட மாறியதில்லை.

(முதலில் அவளைச் சோகமாக எழுதியிருந்தேன். 'யாரும் அறியாத கண்ணீர் அவள் கன்னத்தில்...' மறுபடி விசில். "அவளா? அங்க நின்னுக்கிட்டே எல்லாரையும் கிண்டலடிச்சு ஓட்டித் தள்ளுவா. என்னையும் சேர்த்துத்தான்." கண்ணீரைத் துடைத்துவிட்டேன்.)

"சரி, அவ ஏன் விளையாடறதில்ல?" என்று கேட்டேன்.

"யாரும் கூப்பிடல," என்றார். விசிலைக் கையில் உருட்டியபடி, "நானும்தான்."

அந்தப் பதிலை மட்டும் நான் திருத்தவில்லை.

3

கதைக்குச் சம்பவம் கிடைக்காமல் நான் முழித்துக்கொண்டிருந்தபோது, பள்ளி விளையாட்டு விழாவில் ரிலே ஓட வேண்டிய ஒருத்திக்குக் கால் பிசகிவிட்டது. (எழுத்தாளர்கள் இதற்கெல்லாம் சந்தோஷப்படக் கூடாது. பட்டேன்.) ஓர் ஆளுக்கு ஒரு போட்டிதான் என்பது பள்ளி விதி. மிச்சமிருந்தது அலமாரி மட்டும். அவளும் இல்லையென்றால் அந்த வகுப்புக்கு ரிலே கிடையாது.

"எனக்கும் ஓடணும்னு ஆசைதான் சார். கேக்கத்தான் வெக்கம்," என்றாளாம். கிண்டலெல்லாம் போய்க் குரல் இறங்கிவிட்டதாம்.

நேற்று பயிற்சி. அவளைக் கடைசி ஆளாக நிறுத்தினார். மூன்றாவதாக ஓடிய நெட்டை, பறந்து வந்து ரிலே கட்டையை அவள் கையில் கொடுத்தாள். அலமாரி வாங்கினாள். இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அப்படியே நின்றாள்.

"ஓடுடீ!" என்றாள் நெட்டை.

"நான் பத்திரமா வச்சிருக்கேன், நீ போ!"

மைதானமே சிரித்தது, அவளும்தான். இரண்டாம் முறையும் நின்றாள். மூன்றாம் முறை நின்றபோது அவள் சிரிக்கவில்லை.

"விட்டுடுங்க சார். நான் மரத்தடிக்கே போறேன்."

(இங்கே ஆசிரியரைப் பெரிதாகப் பேச வைத்தேன். 'மகளே, வாழ்க்கை என்பதே ஓர் ஓட்டம்...' விசில் ஊதக்கூட முடியாமல் சிரித்து மனுஷனுக்குப் புரையேறிவிட்டது.)

நடந்தது இவ்வளவுதான். இருவரையும் இடம் மாற்றினார். அலமாரி மூன்றாவது, நெட்டை கடைசி. கட்டை கைக்கு வந்ததும் அலமாரி வழக்கம்போல் அணைத்துக்கொண்டாள். அவர் கத்தினார், தெருவுக்கே கேட்கும் அந்தக் குரலில்:

"அது உன்னோடது இல்ல! அதோ நிக்கறா பாரு, அவளோடது. மணி அடிச்சாச்சு, கொண்டுபோய்க் குடு!"

ஓடினாள் பாருங்கள்! தினமும் மணி அடித்ததும் ஓடிய கால்களாயிற்றே. "வருஷம் பூரா என் கண்ணு முன்னாடிதான் ஓடியிருக்கா. நான்தான் பாக்கல," என்று சொல்லும்போது அவர் குரல் சின்னதாகிவிட்டது.

4

முடிவுகள். ஒன்று: கோப்பை, கைதட்டல். எழுதும்போதே கொட்டாவி வந்தது. இரண்டு: கட்டை கை நழுவி... வேண்டாம், மனசு கேட்கவில்லை.

"என்னங்க, நீங்களே சொல்லுங்க. ஜெயிச்சாங்களா?"

"போட்டியே நாளைக்குத்தானே!"

அடக் கடவுளே, எனக்குத்தான் அவசரம்.

"அத விடு. இன்னிக்கு என்ன நடந்தது தெரியுமா? பயிற்சி ஆரம்பிக்கறப்ப அலமாரி நேரா எங்கிட்ட வந்தா. தன் கடிகாரத்தக் கழட்டி என் கையில வச்சு, 'பத்திரம் சார்'னு சொல்லிட்டு ஓடிட்டா. பின்னாடியே மொத்த வகுப்பும் வரிசை கட்டிருச்சு. பீரியட் பூரா மரத்தடியில நின்னேன், அந்தப் பல்லுக் கம்பியோட."

நாளைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. இந்தக் கதையை இதுவரை கொண்டுவந்துவிட்டேன். இது என்னுடையது இல்லை. கையை நீட்டுங்கள். வாங்கியதும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றுவிடாதீர்கள், ஓடுங்கள்!