மெயிலைத் திறக்க வேண்டாம்

கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்று மனைவி வந்து சொன்னபோது கணக்கு வாத்தியார் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் உழைத்த பெட்டி, என்றைக்காவது படுக்கத்தான் செய்யும். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள் கட்டைக் கீழே வைத்தார்.

"உள்ள டக்கு டக்குனு என்னவோ அடிச்சுக்குது. என் புக்கு மொத்தமும் அதுலதான் இருக்கு."

"காப்பி எடுத்து வைக்கலையா?"

"வச்சிருந்தா இப்படியா வந்து நிப்பேன்? எரியற கொள்ளியில எண்ணெய ஊத்தாத."

அவள் காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியை. அந்தப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க எட்டு வருஷமாக ஒரு புத்தகம் எழுதிவந்தாள். எந்தச் சொல் முதலில் வரவேண்டும், எந்த எழுத்துக்கு உதடு எப்படிக் குவிகிறது, எந்தப் படம் பிள்ளையைக் குழப்பும் என்று ஒவ்வொன்றையும் வகுப்பில் வைத்துப் பார்த்தே எழுதினாள். ஒரு பிள்ளை திணறினாலும் அன்று சாயங்காலமே பாடத்தை மாற்றிவிடுவாள். இன்னும் மூன்று பாடம் எழுதினால் புத்தகம் முடிந்துவிடும்.

மறுநாள் இருவரும் ஹார்ட் டிஸ்க்கைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். ஜெராக்ஸ் கடைக்கு மேலே, செங்குத்தான படியேறிப் போனால் ஒரு சின்ன அறை. 'ஹார்ட் டிஸ்க் டாக்டர்' என்று பலகை தொங்கியது. டாக்டர் முப்பது வயதுப் பெண். டிஸ்க்கை மின்சாரத்தில் இணைத்து, காதோரம் வைத்துக் கேட்டுவிட்டு உடனே பிடுங்கிவிட்டாள்.

"உள்ள படிக்கிற ஊசி தட்டுது அக்கா. வரும் வராதுன்னு இப்ப சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு, வந்தா சில சமயம் நாம அழிச்சதுகூட வந்துடும். அழிச்சா அழிஞ்சுடாது. வேற ஒண்ணு அந்த இடத்துல வந்து உக்கார்ற வரைக்கும் அப்படியேதான் கிடக்கும்."

"அப்போ இவர் அழிச்ச பழைய கவிதையெல்லாம் வந்துடுமா? வேண்டாம்மா தாயே" என்று மனைவி சிரித்தாள். வாத்தியாரும் சிரித்தார்.

அவர் அழித்தது கவிதை மட்டுமல்ல.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், தூரத்து நகரத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றுக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். காது கேளாத பிள்ளைகளின் கல்வி பற்றி இரண்டு வருஷம் அங்கேயே தங்கி ஆராயும் வேலை. பதில் மெயிலில் வந்த அன்று அவள் பள்ளியில் இருந்தாள். இவர்தான் முதலில் பார்த்தார். அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மகளுக்கு அப்போது மூன்று வயது. அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தார், பயம் வந்தது. அவள் படித்துப் பெரிய ஆளாகத் திரும்பி வருவதை நினைத்துப் பார்த்தார், அந்தப் பயம் இன்னும் பெரிதாக இருந்தது. குடும்பச் சூழலால் வர இயலவில்லை என்று அவள் பெயரிலேயே நாலு வரி எழுதி அனுப்பினார். பிறகு, வந்த மெயிலையும் போன மெயிலையும் அழித்தார்.

அவள் ஒன்றரை மாதம் காத்திருந்தாள். பிறகு ஒரு நாள், "நான் அவ்வளவுதான் போல" என்று சொல்லி அழுதாள். தலையைத் தடவி, "அவங்களுக்குக் கொடுத்து வைக்கல" என்று சொன்னவரும் இவர்தான். அந்த ஆற்றாமையில்தான் அவள் புத்தகத்தையே தொடங்கினாள். நாளாக ஆக, நடந்ததெல்லாம் நல்லதற்குத்தான் என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லி வாத்தியார் அதை நம்பவும் ஆரம்பித்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை பத்தாம் வகுப்பில் வட்டம் வரைந்துகொண்டிருந்தபோது டாக்டரிடமிருந்து போன் வந்தது. வராந்தாவுக்கு வந்து எடுத்தார்.

"அக்கா எடுக்கல, அதான் உங்களுக்குப் பண்ணேன் சார். புக்கு இருந்த இடத்துலயே கீறல் விழுந்திருக்கு, ஒண்ணும் தேறல. ஆனா மெயில் பெட்டி முழுசா கிடைச்சிருக்கு. உங்க மெயிலெல்லாம் நெட்டுல தங்காம இந்த டிஸ்க்குலயேதான் இறங்கியிருக்கு. பிரிண்ட் எடுக்கறதுக்காக அக்கா ஒவ்வொரு பாடத்தையும் ஸ்கூலுக்கு மெயில்ல அனுப்பியிருக்காங்க போல. பெட்டியத் திறந்தா அதையெல்லாம் எடுத்துடலாம். அழிச்ச மெயிலும் சேந்து வரும். சொந்த விஷயமாச்சே, கேட்டுட்டுத் திறக்கலாம்னு..."

பள்ளியின் பழைய கம்ப்யூட்டரைப் போன வருஷமே தூக்கிப் போட்டுவிட்டார்கள். அந்தப் பாடங்களுக்கு வேறு வழியில்லை என்பது வாத்தியாருக்குத் தெரியும். விரலிடுக்கில் சாக்பீஸ் ஒடிந்தது.

"மெயிலைத் திறக்க வேண்டாம்மா. அவங்களுக்குப் பிடிக்காது."

"எட்டு வருஷ வேலைன்னு சொன்னாங்களே சார்?"

"நான்தான் சொல்றேன்ல? விட்டுடுங்க."

சாயங்காலம் மனைவியிடம் ஒன்றும் தேறவில்லை என்றார். அவள் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவினார். "ஞாபகத்துல இருந்து எழுதலாம். நீ சொல்லு, நான் டைப் பண்றேன்."

"நீ இருக்கறதால ஏதோ ஓட்டறேன்" என்று அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை அவள் செத்த டிஸ்க்கை வாங்கிவரப் போனாள். நான் போகிறேன் என்று வாத்தியார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்று அவளே கிளம்பிவிட்டாள். காலையில் போனவள் மத்தியானம் தாண்டித்தான் வந்தாள். மேஜையில் ஒரு பென் டிரைவை வைத்தாள்.

"நூத்தி எழுபத்தாறு பாடம் வந்துடுச்சு."

ஒரு நொடி வாத்தியாருக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அடுத்து அவள் மெயிலிலிருந்து அச்செடுத்த இரண்டு காகிதங்களை வைத்தாள். அவர் எடுத்துப் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையும் இருக்கவில்லை.

"பாப்பா சின்னப் பிள்ளை அப்போ... நீ இல்லாம எப்படின்னு..."

"அத விடு. அப்ப பயந்துட்ட, புத்தி கெட்டுப் போச்சு. அதை நான் என்னைக்காவது மன்னிச்சாலும் மன்னிப்பேன்." அவள் குரல் ஏறவே இல்லை. "செவ்வாய்க்கிழமை? என் புக்கு கிடைக்கும்னு அந்தப் பொண்ணு சொல்லுது. வேண்டாம்னு சொல்லிட்டு வந்து, பக்கத்துல உக்காந்து என் தலையத் தடவினியே. அதுக்கு என்னடா பேரு?"

வாத்தியார் அந்த இரண்டு காகிதங்களையும் கவிழ்த்து வைத்தார்.

மெயிலில் போகாமல் விட்டுப்போன பாடங்களையும் கடைசி மூன்றையும் அவள் இரண்டு மாதத்தில் எழுதி முடித்தாள். டைப் பண்ண அவரைக் கூப்பிடவில்லை. நடுவில் அந்த ஆராய்ச்சி நிலையத்துக்கும் ஒரு கடிதம் போட்டாள். நாற்பது வயதைக் கடந்தவர்களைச் சேர்ப்பதில்லை, வாழ்த்துகள் என்று இரண்டே வாரத்தில் பதில் வந்தது. அதை அவரிடம் காட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை. மேஜைமேல் கிடந்தது.

கத்திச் சண்டை போட்டிருந்தால் வாத்தியாருக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். அவள் போடவில்லை. வீட்டைவிட்டும் போகவில்லை. கல்லூரி நாளிலிருந்து நீ, வா, போ என்றும், கோபம் வந்தால் 'டா' என்றும் கூப்பிட்ட வாய், மரியாதைக்கு மாறிக்கொண்டது. அவ்வளவுதான்.

"சாப்பிட வாங்க."

"சாவி எடுத்துக்கிட்டீங்களா?"

மகளுக்கு வேடிக்கையாக இருந்தது. "என்னம்மா, அப்பாவுக்குத் திடீர்னு இவ்வளவு மரியாதை?"

"வயசாகுதில்ல" என்று சொல்லிவிட்டு அவள் தண்ணீர் எடுக்கப் போனாள். வாத்தியார் தலையைத் தூக்காமல் சாப்பிட்டு முடித்தார்.